மாதம்மாள் எங்கள் சைபர்

மலைக்கு மேலே டீ சீக்கிரம் ஆறிவிடும் ஐயா, முதலில் அதைக் குடித்துவிடுங்கள். கீழேயிருந்து வருகிற அதிகாரிகள் எல்லோரும் டம்ளரை ஓரமாக வைத்துவிட்டு நோட்டைத் திறக்கிறார்கள். பிறகு ஆடை படிந்த டீயைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். ஏழு வருடமாக நான் பார்க்கிற கூத்து இது.

மாதம்மாளுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று வளர்வது எனக்கு முன்கூட்டியே தெரியுமா, தெரிந்திருந்தால் ஏன் வாயைத் திறக்கவில்லை, இதைக் கேட்கத்தானே நாமக்கல்லிலிருந்து எழுபது வளைவு ஏறி வந்திருக்கிறீர்கள். சொல்கிறேன். குறுக்கே பேசாமல் கேட்டீர்களானால் மத்தியான பஸ்ஸைப் பிடித்துவிடலாம். குறுக்கே பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. அதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

என் பெயர் குணசேகரன். வயது நாற்பத்தொன்று. சொந்த ஊர் காளப்பநாயக்கன்பட்டி, இந்த மலையின் அடிவாரம். அப்பாவுக்கு நாலு ஏக்கர் கிணற்றுப் பாசனம், வெங்காயமும் கடலையும் போடுவார். நான் சென்னையில் உயிர்வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினேன். ஊருக்கு வந்தால் ஆட்டுக்குக் கழிச்சல் என்று கூப்பிடுவார்கள். நான் அந்த டாக்டர் இல்லை என்று விளக்கினால், அப்புறம் எந்த டாக்டர் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

1998-ல் ஓர் அறக்கட்டளை செம்மேட்டில் இந்தப் பரிசோதனைக்கூடத்தைத் தொடங்கி என்னைப் பொறுப்பில் வைத்தது. மலைப் பெண்களில் யாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றை உண்டாக்கும் வைரஸ் இருக்கிறது என்று கண்டுபிடிப்பது வேலை. முன்னாலேயே கண்டுபிடித்தால் அந்தப் புற்று வராமலேயே தடுத்துவிடலாம். கெட்டுப்போன இடத்தைச் சுட்டோ உறையவைத்தோ எடுத்துவிட்டால் முடிந்தது, அரை மணி நேர வேலை. இதை நன்றாக எழுதிக்கொள்ளுங்கள். இது எனக்குத் தெரியாது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை.

பரிசோதனை எப்படி என்றால், பெண்ணின் கர்ப்பப்பை வாயிலிருந்து ஒரு சின்னப் பிரஷ்ஷால் வழித்தெடுப்போம். வைரஸ் இருந்தால் அதன் டி.என்.ஏ. அதில் இருக்கும். அதற்கு ஜோடியான ஆர்.என்.ஏ. இழையை நாங்கள் சேர்ப்போம். இரண்டும் பின்னிக்கொள்ளும். பாதி அது, பாதி இது, கலப்பு இழை. இந்தக் கலப்பை மட்டும் தேடிப் பிடிக்கிற ஆன்டிபாடி ஒன்று உண்டு. முழு ஆன்டிபாடியைப் போட்டால் கண்டதிலும் ஒட்டும். நான் அதன் வாலை வெட்டிவிட்டுப் பிடிக்கிற கையை மட்டும் பிரித்தெடுத்தேன். அந்தத் துண்டு என்னுடையது. இரண்டு வருட உழைப்பு. துண்டு கலப்பு இழையைப் பிடித்தால் வெளிச்சம் வரும், எவ்வளவு வெளிச்சம் என்பதை மெஷின் எண்ணாகக் கொடுக்கும். தொண்ணூற்றாறு குழி உள்ள பிளாஸ்டிக் தட்டில், ஒரு குழிக்கு ஒரு சாம்பிள் வைப்போம்.

எந்த அளவைக்கும் ஒரு சைபர் வேண்டும், எண்ணத் தொடங்குகிற பூஜ்யம். வெறும் உப்புத் தண்ணீரை வைத்தால் மெஷின் நாற்பது காட்டும். ஆனால் உடம்பிலிருந்து எடுத்ததில் சளி இருக்கும், ரத்தம் இருக்கும். நோய் இல்லாவிட்டாலும் துண்டு அங்கே இங்கே கொஞ்சம் ஒட்டும். ஆகவே நோயில்லாத ஒரு மலைப் பெண்ணின் சாம்பிளை வைத்து, அது காட்டுவதைச் சைபர் என்று கொள்வதுதான் நியாயம். அந்தச் சைபரைப்போல் இரண்டு மடங்குக்கு மேலே போனால் நோய், கீழே இருந்தால் இல்லை. இதில் ஒரு தவறும் இல்லை. எந்தப் புத்தகத்தை வேண்டுமானாலும் பாருங்கள்.

முதல் முகாமைக் குண்டனி நாட்டில் போட்டோம், நாலைந்து ஊர் சேர்ந்தால் மலையில் அது ஒரு நாடு. 1999 மாசி. கூடாரம், மேஜை, பெண் டாக்டர், எல்லாம் தயார். ஒரு பெண்ணும் வரவில்லை. எங்கள் சுகாதாரப் பணியாளர் கண்ணாயி அந்த நாட்டுக்காரி. அவளைத் திட்டினேன். அவள் சாவதானமாகச் சொன்னாள்:

“மாதம்மாக்கா கை வெக்காம இங்க எதுவும் நடக்காதுங்க சார். சாமை வெதைக்கறதுக்கே அவங்க கைதான் மொதல்ல வுழுகோணும். அவ்வளவு கைராசிங்க.”

படித்தவன் கைராசியைத் தேடிப் போக வேண்டிய நிலைமை. ஆள் அனுப்பினேன். மாதம்மாள் வந்தாள். நாற்பத்தேழு வயது இருக்கும், மரவள்ளிக் காட்டிலிருந்து நேராக வந்ததால் கையெல்லாம் மண். கூடவே மகள் கோகிலா. பின்னாலேயே ஊர்ப் பெண்கள் திரண்டு வந்துவிட்டார்கள். மாதம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“ஏங் கண்ணு, டாக்டருங்கறாங்க, ஊசியக் காணமே?”

நான் ஊசி போடுகிற டாக்டர் இல்லை என்றேன்.

“ஊசி போடத் தெரியாத டாக்டரா? அட சாமி, அதுக்கா இத்தன வருசம் படிச்சே?”

சிரித்தார்கள். அறுபத்திரண்டு பெண்கள். எனக்கு அதில் ஒன்றும் வருத்தமில்லை, ஞாபகசக்தி கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். மாதம்மாள் சிரித்து முடித்துவிட்டு, “செரி, நானே மொதல்ல போறேன்” என்று கூடாரத்துக்குள் போனாள். அவள் வெளியே வந்த பிறகு மற்றவர்கள் வரிசையாகப் போனார்கள். அன்று முதல் எந்த முகாமிலும் அவள் சாம்பிள்தான் முதல். அவள் கொடுக்காமல் ஒருத்தி கொடுக்கமாட்டாள்.

அதோடு விட்டார்களா. உள்ளே மெஷினில் வைக்கும்போதும் மாதம்மாளுடையதைத்தான் முதலில் வைக்கவேண்டும் என்று கண்ணாயி வழியாகச் சொல்லி அனுப்பினார்கள். வேறு ஒருத்தியுடையதை முன்னால் வைத்தால் ராசி போய்விடுமாம். தட்டில் முதல் குழி எப்போதும் சைபருக்கு உரியது, அது எங்கள் பழக்கம். மலைக்காரர்களின் முதல் கையும் எங்கள் முதல் குழியும் ஒன்றாகவே வந்துவிட்டதே என்று நினைத்தேன். ஒரு குழி மிச்சம். பெண்ணும் மூன்று பிள்ளை பெற்றுக் கல் மாதிரி இருந்தாள். மாதம்மாள்தான் சைபர் என்று எழுதினேன். அவள் சாம்பிள் இருநூற்றுப் பத்து காட்டியது. உப்புத் தண்ணீருக்கு நாற்பது, இவளுக்கு இருநூற்றுப் பத்து. மலைப் பெண்களுக்கு ஒட்டல் அதிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

முகாம் டாக்டர் அனுராதாவைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். சேலத்துக்காரர். ஊசி போடத் தெரிந்த டாக்டர். அவர் மாதம்மாளைப் பரிசோதித்துவிட்டு, “பாக்கறதுக்கு நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா கண்ணால பாத்ததை வெச்சு சைபர்னு முடிவு பண்ணிடாதீங்க. நாலஞ்சு பேரைக் கலந்து வெச்சுக்கலாமே” என்றார். தனியாகச் சொல்லியிருந்தால் யோசித்திருப்பேன். அவர் சொன்னது கூட்டத்தில். அறக்கட்டளை மேலாளர் அர்த்தனாரி எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் என் துண்டைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து, “உங்க சைபர் சைபர்தான்னு யார் சார் சொன்னது?” என்று கேட்டார். அர்த்தனாரி ‘அதானே’ என்று சிரித்தார். என் துண்டைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள், ‘அதானே’ என்கிறார். நான் தண்ணீர் குடித்துவிட்டு விளக்கத்தைத் தொடர்ந்தேன்.

இரண்டு வருடத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பெண்களைப் பார்த்தோம். மூன்று பேருக்குத்தான் நோய் என்று வந்தது. அந்த மூவருக்கும் அனுராதா வைத்தியம் பார்த்தார், மூவரும் நன்றாக இருக்கிறார்கள். ஒருத்தி சோளக்காட்டுச் சந்தையில் அன்னாசிப்பழம் விற்கிறாள், வேண்டுமானால் போகிற வழியில் பாருங்கள். அறக்கட்டளைக்குப் பெருமை தாங்கவில்லை. மலைக்காற்று, மூலிகைத் தண்ணீர், சுத்தமான பெண்கள் என்று அர்த்தனாரி போகிற இடமெல்லாம் பேசினார். என் துண்டைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள்.

கட்டுரைக்கு ஓர் அளவை பாக்கி இருந்தது. துண்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்று காட்டவேண்டும். சாம்பிளை மாற்றாமல் வைத்துக்கொண்டு துண்டை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகவேண்டும். மலை பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். சீட்டில் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள், படியில் தொற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். சீட்டுக்கு ஓர் எல்லை உண்டு, நிரம்பினால் முடிந்தது. தொற்றுகிறவர்களுக்கு எல்லையே கிடையாது, கூட்டம் வர வர ஏறிக்கொண்டே இருப்பார்கள். அதேபோலத்தான். வெளிச்சத்தைக் கோடாக வரைந்தால், வெறும் ஒட்டலுக்கு அது நேராக மேலே போகும். உண்மையிலேயே கலப்பு இழையைப் பிடித்திருந்தால் ஓர் இடத்தில் கோடு வளைந்து படுத்துவிடும். நோயுள்ள மூவரின் கோடு வளையவேண்டும், சைபரின் கோடு நேராகப் போகவேண்டும். இதுதான் கட்டுரையின் முதல் படம்.

2001 ஆடிப் பதினெட்டு. செம்மேட்டில் ஓரி விழா, எல்லோரும் அங்கே போய்விட்டார்கள். மேளச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் தட்டை மெஷினில் வைத்தேன். மூவரின் கோடும் வளைந்தது. மாதம்மாளின் கோடும் வளைந்தது.

மறுபடியும் வைத்தேன். வளைந்தது. கலப்பு இழையில் இருக்கும் ஆர்.என்.ஏ.வை மட்டும் அரித்துத் தின்னும் ஒரு நொதி உண்டு. வெறும் ஒட்டலை அது ஒன்றும் செய்யாது. அதை மாதம்மாள் சாம்பிளில் சேர்த்து அரை மணி வைத்திருந்து பார்த்தேன். இருநூற்றுப் பத்து ஐம்பத்திரண்டுக்கு இறங்கிவிட்டது. அப்புறம் சந்தேகப்பட ஒன்றுமில்லை. என் துண்டு இரண்டு வருடமாக உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. மாதம்மாளுக்கு வைரஸ் இருந்தது.

அந்தக் கோடு எவ்வளவு சுத்தமாக வந்தது தெரியுமா ஐயா. ஒரு புள்ளிகூட விலகவில்லை. அன்று சாயங்காலத்துக்குள் மற்றக் கணக்குகளையும் போட்டு முடித்துவிட்டு விழாப் பார்க்கப் போனேன். மாதம்மாள் கூட்டத்தில் பேரப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். “கண்ணு, பொரி தின்னு” என்று ஒரு கை அள்ளிக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்பதற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருக்கின்றன. கைராசிக்காரிக்கே நோய் என்று தெரிந்தால் மலையில் ஒரு பெண் முகாம் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டாள். நாங்கள்தான் நோயைக் கொண்டுவந்தோம் என்பார்கள். மேலும், இந்த வைரஸ் பல பேருக்குத் தானாகவே போய்விடும். இதெல்லாம் உண்மை. நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்ப்பதால், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் சொன்னால் அனுராதா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, ‘நான் அப்பவே சொன்னேன்ல சார்’ என்பார். அர்த்தனாரி ‘அதானே’ என்பார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு நானே அவல் அள்ளிப் போடவேண்டும். ஒரு மனிதனிடம் அவ்வளவு எதிர்பார்க்கக்கூடாது.

அதனால் அனுராதாவை அனுப்பவேண்டியதாயிற்று. அவர் பெண்களைத் தேவையில்லாமல் பயமுறுத்துகிறார் என்று அறக்கட்டளைக்கு இரண்டு கடிதம் எழுதினேன். 2002 பொங்கலுக்கு முன்பு அவர் போய்விட்டார். போகும்போது ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்: ‘மாதம்மாளை வருஷத்துக்கு ஒருமுறை யாராவது டாக்டரிடம் காட்டுங்கள்.’ அதை ஃபைலில் வைத்திருக்கிறேன். கிழித்துப் போடுகிற ஆள் இல்லை நான்.

மாதம்மாளை நான் கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று கோகிலா கலெக்டருக்குக் கொடுத்த மனுவில் எழுதியிருக்கிறாள். அது அபாண்டம். மலையில் அவளைப்போல் யாரையும் கவனித்ததில்லை. சைபர் தீர்ந்துவிட்டது என்று சொல்லி மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவளை வரவழைத்தேன், கண்ணாயி சாம்பிள் எடுத்துக் கொடுப்பாள். இருநூற்றுப் பத்து, இருநூற்று எழுபது, முந்நூற்றுத் தொண்ணூறு, அறுநூறு. ஒவ்வொன்றையும் தேதி போட்டு வரைபடத்தில் குறித்தேன். ஒரே பெண்ணின் உடம்பில் வைத்தியமே படாமல் அது எப்படி ஏறுகிறது என்று இவ்வளவு நெருக்கமாக நான் எங்கும் பார்த்ததில்லை. வைத்தியம் பார்த்துவிட்டால் கோடு அங்கேயே நின்றுவிடும். அது எந்த விஞ்ஞானிக்கும் தெரியும்.

சைபர் ஏற ஏற எல்லையும் ஏறியதால், 2002-ல் மலை முழுக்க ஒருத்திக்கும் நோய் இல்லை என்று வந்தது. அறக்கட்டளை கேக் வெட்டியது. மாதம்மாளுக்குத்தான் முதல் துண்டு ஊட்டினார்கள். முட்டை வாசம் என்று துப்பிவிட்டாள்.

2003 மார்கழியில் அவளாகவே வந்தாள். ஒரு சீப்பு மலைவாழைப்பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நின்றாள். முகம் கொஞ்சம் வெளுத்திருந்தது.

“ஏன் கண்ணு, தூரம் நின்னு ரெண்டு வருசமாச்சு. இப்ப மறுக்காப் படுது. இடுப்புல வலி வேற. கோகிலா நாமக்கல்லுக்குப் போலாம் வாங்கறா. போகோணுமா?”

“உனக்கு ஒண்ணுமில்ல மாதம்மா. பதினோரு தடவை பார்த்திருக்கேன். நீதான் எங்க சைபர். உன்னை வெச்சுத்தான் மத்தவங்களுக்கே நோய் இல்லைன்னு சொல்றோம்.”

அவளுக்கு ஒரே சந்தோஷம். “அப்ப செரிங்க. இந்த பஸ்ல ஏறுனாவே எனக்குக் கொமட்டும்” என்றாள். முதல் தடவையாக எனக்கு ‘ங்க’ போட்டாள். சத்து மாத்திரை ஒரு பட்டை கொடுத்தேன். பன்னிரண்டாவது சாம்பிளையும் எடுத்துக்கொண்டோம். பழம் நன்றாக இருந்தது.

கோகிலா அம்மாவைப்போல் இல்லை. ஒரு வாரம் கழித்துத் தனியாக வந்தாள். “சார், உங்களுக்கு நெசமாத் தெரியுங்களா? எங்கம்மா ராத்திரியெல்லாம் முனகுது. எதுனா இருந்தா சொல்லிப்போடுங்க, நான் எங்கியாச்சும் கூட்டிட்டுப் போயிக்கறேன்” என்றாள். பலவீனமான உடம்பை எழுபது வளைவில் ஆட்டி அலைக்கழிக்காதே, சும்மா ஓய்வு கொடு என்று சொன்னேன். கோகிலா போய்விட்டாள். அம்மாவும் சார் சொல்லிவிட்டாரே என்று அசையவில்லை. எட்டு மாதம் அப்படியே போயிற்று.

ஆவணியில் மாதம்மாள் காட்டிலேயே மயங்கி விழுந்தாள். கட்டிலோடு தூக்கி ஜீப்பில் வைத்துச் சேலத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பார்த்த டாக்டர், வேறு யார், அனுராதாதான். சிறுநீரகம்வரை பரவியிருந்ததாம். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் சின்ன வைத்தியத்தோடு வீட்டுக்குப் போயிருப்பாள் என்று அவர் கோகிலாவிடம் சொல்லியிருக்கிறார். சொல்லவேண்டிய அவசியம் என்ன. அந்தப் பெண்மணிக்கு எப்போதுமே நாக்கு கொஞ்சம் நீளம். மாதம்மாள் போன தையில் இறந்தாள். இந்த வருடச் சாமைக்கு யார் கையால் முதல் விதை போட்டார்களோ, எனக்குத் தெரியாது.

நான் மாட்டிக்கொண்டது என் ஒழுங்கால். வரைபடத்தின் மேல் மாதம்மாள் என்று பெயர் எழுதி, பன்னிரண்டு புள்ளிக்கும் தேதி போட்டிருந்தேன். மேஜை டிராயரைத் துடைக்கிறேன் என்று திறந்த கண்ணாயி அதை எடுத்துக் கோகிலாவிடம் கொடுத்துவிட்டாள். ஏழு வருடம் சம்பளம் வாங்கிக் கொடுத்தேன், அதற்கு நன்றி. கோகிலா அதை அனுராதாவிடம் காட்ட, அவர் படித்துச் சொல்ல, மனு கலெக்டருக்குப் போயிற்று.

இடையில் ஒரு காரியம் நடந்தது. செம்மேட்டுச் சந்தையில், அத்தனை ஜனங்களுக்கு நடுவே, கோகிலா என் சட்டையைப் பிடித்தாள். “ஏண்டா கொலகாரா, எங்கம்மா உனக்குப் பழங் கொண்டாந்து குடுத்தாளேடா” என்று கத்தினாள். செருப்பைக் கழற்றி அடித்தாள். நான் கையை ஓங்கவில்லை. என்னைவிட ஏழு வயது சின்னவள், ‘டா’ போட்டுப் பேசுகிறாள், நான் திருப்பி ஒரு வார்த்தை பேசவில்லை. இது உங்கள் மனுவில் இருக்காது. எழுதிக்கொள்ளுங்கள்.

சரி. தெரிந்திருந்தும் சொல்லவில்லை. மாதம்மாள் பிழைத்திருப்பாள், நான் விடவில்லை. இந்த வாக்கியத்துக்காகத்தானே வந்தீர்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அதற்குள் நோட்டை மூடாதீர்கள்.

எனக்கு உங்களையெல்லாம் பார்த்தால் சிரிப்புத்தான் வருகிறது. ஒரு மாதமாக விசாரணை. மாதம்மாள், மாதம்மாள் என்று ஒரே பெயர். சைபர் தப்பு என்றால் அந்தச் சைபரை வைத்து அளந்தது எல்லாமே தப்பு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. முதல் குழி தப்பு என்றால் மீதித் தொண்ணூற்றைந்து குழியும் தப்பு. அனுராதா மட்டும் கேட்டார். எல்லாத் தட்டுகளின் கணக்கையும் அனுப்புங்கள் என்று மாசியில் எழுதியிருந்தார். தொலைந்துவிட்டது என்று பதில் போட்டேன். அவர் கேட்டதால் போட்டேன். வேறு யார் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

ஆடிப் பதினெட்டு அன்று சாயங்காலம் நான் போட்ட கணக்கு அதுதான். ஐம்பத்திரண்டைச் சைபராக வைத்து நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் மறுபடி பார்த்தேன். அந்த மூவரும் மாதம்மாளும் போக, முப்பத்தொரு பெண்கள். ஊர், பெயர், வயது எல்லாம் இந்தச் சட்டைப்பையில் இருக்கிறது. நாலு வருடமாக வைத்திருக்கிறேன். அவர்களுக்கெல்லாம் ‘நோய் இல்லை’ என்று என் கையெழுத்துப் போட்ட பச்சைச் சீட்டு கொடுத்திருக்கிறோம், சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருக்கிறார்கள். சிலருக்குத் தானாகப் போயிருக்கும். இரண்டு பேர் செத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன், எதனால் என்று விசாரிக்கவில்லை. மற்றவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம். இந்தாருங்கள்.

எண்ணிப் பார்க்கிறீர்கள். முப்பதுதான் இருக்கும். ஒரு பெயரை நான் எழுதவில்லை. முப்பத்தோராவது பெண், நீங்கள் உள்ளே வரும்போது வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, பச்சைச் சேலை, மடியில் சின்னப் பெண் குழந்தை, அவள்தான். கோகிலா. முப்பத்துநாலு வயது. மூன்று முகாமிலும் கொடுத்திருக்கிறாள், மூன்றிலும் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. போன வருடம் அம்மாவுக்காக என்னிடம் வந்து நின்றாளே, அன்றைக்கே எனக்குத் தெரியும். சந்தையில் சட்டையைப் பிடித்தபோதும் தெரியும். இந்த ஒரு மாதமாகத் தினமும் அந்தப் பெஞ்சில் வந்து உட்காருகிறாள், நானும் தினமும் அவளைத் தாண்டித்தான் உள்ளே வருகிறேன். மரியாதையாக வந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், அதற்காகத்தான் காத்திருந்தேன்.

எழுந்திருக்கிறீர்களா. போங்கள், போய்ச் சொல்லுங்கள். சொன்னது நான்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள் ஐயா, நாளைக்கு நான் மறைத்துவிட்டேன் என்று யாரும் பேசக்கூடாது.